லாகூர் அடுக்களையின் உளுந்தும் நம்முடைய 'சைவ'மும்

சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய உணவுப் பண்பாடு குறித்து ஒரு கருத்தரங்கம் நடந்தது. கேள்வி நேரத்தில் முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, பாகிஸ்தானிய வீடுகளில் அன்றாடம் சமைக்கப்படும் காய்கறி, பருப்பு உணவுகளைப் பற்றி ஆய்வு ஏதேனும் உண்டா என்று கேட்டார். மேடையிலிருந்த மூத்த பேராசிரியர், "முதலில் அவர்கள் காய்கறி உண்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். அரங்கம் சிரித்தது. மாணவி அமர்ந்துவிட்டார். அடுத்த கேள்விக்கு நகர்ந்தோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றியே இந்தப் பதிவு. மதவெறியர்கள் கூடிய இடத்தில் எழுந்த சிரிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. அன்று சிரித்தவர்களில் பெரும்பாலோர் என் நண்பர்கள். வெறுப்பரசியலுக்கு எதிரான அறிக்கைகளில் கையொப்பமிடுபவர்கள். நானும் சிரித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இறைச்சி என்றால் இஸ்லாமியர், இலை தழை என்றால் இந்து, எனவே பாகிஸ்தான் என்றால் கறிச்சட்டி என்ற சமன்பாடு, அதை மறுத்துப் பேசுவோரின் நாவிலும் எவ்வளவு இயல்பாகக் குடியேறியிருக்கிறது என்பதை அந்த ஒரு நொடி காட்டிவிட்டது.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் நாம் புலால் கலவாத உணவைச் 'சைவம்' என்கிறோம். அது ஒரு சமயத்தின் பெயர். உணவு விடுதியில் அமர்ந்து 'ஒரு சைவச் சாப்பாடு' என்று கேட்கும்போது, ஒரு தட்டுச் சோற்றுக்கு நாம் ஒரு மத அடையாளத்தைச் சூட்டிவிடுகிறோம். 'பாகிஸ்தானிய சைவ உணவு' என்ற தொடர் தமிழ்க் காதுக்கு நகைச்சுவையாக ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்தான். ஈழத்தமிழில் இன்றும் வழங்கும் 'மரக்கறி' என்னும் சொல், தட்டில் உள்ள பொருளைச் சொல்கிறதே தவிர, உண்பவரின் இறைவனைச் சொல்வதில்லை. உருதுவில் காய்கறிக்கு வழங்கும் 'சப்ஸி' என்ற சொல்லும் அத்தகையதே. பாரசீகத்தில் பசுமையைக் குறிக்கும் 'சப்ஸ்' என்பதிலிருந்து வந்தது. எனவே இப்பதிவில் மரக்கறி என்றே எழுதுகிறேன்.

இனி, காய்கறி உண்கிறார்களா என்ற கேள்விக்கு வருவோம். லாகூரிலோ முல்தானிலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அடுக்களையில் ஒரு வாரத்தில் என்னவெல்லாம் வேகும்? மைசூர்ப் பருப்பையும் பாசிப்பருப்பையும் சேர்த்து வேகவைத்து, நெய்யில் சீரகமும் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டிய பருப்பு, கூடவே வெள்ளைச் சோறு, ஊறுகாய், நறுக்கிய வெங்காயம்: இதுதான் 'தால் சாவல்'. நாம் இட்லிக்கு ஊறவைக்கும் அதே தோல் நீக்கிய உளுந்தை, பருப்பு குழையாமல் வேகவைத்து, வெங்காயமும் தக்காளியும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்து வறட்டலாகச் சமைப்பது 'மாஷ் கீ தால்'. கடலைப்பருப்போடு சுரைக்காய். உருளைக்கிழங்கோடு பசலையோ வெந்தயக்கீரையோ பட்டாணியோ காலிஃபிளவரோ. வெங்காயத்தோடு வதக்கிய வெண்டைக்காய். தீயில் சுட்டுத் தோலுரித்து மசித்த கத்திரிக்காய். உப்பிட்டுப் பிழிந்து கசப்பைக் குறைத்துப் பொரித்த பாகற்காய். சேப்பங்கிழங்கு, பீர்க்கங்காய், உருண்டையான சிறு டிண்டாக்காய். தயிரும் கடலைமாவும் கரைத்துக் காய்ச்சி, பக்கோடாக்களை மிதக்கவிட்ட 'கடீ'. நம் மோர்க்குழம்பின் தூரத்து உறவு. ஞாயிறு காலையில் பூரி, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, ரவை அல்வா. உடல்நலம் குன்றியவருக்குக் கிச்சடி.

குளிர்காலம் வந்தால் பஞ்சாபில் கடுகுக்கீரை. எல்லைக்கு இந்தப் பக்கம் அமிர்தசரசில் வேகும் அதே 'சாக்' அந்தப் பக்கமும் வேகிறது. சிந்து மாநிலத்து வீடுகளில் பசலையும் சுக்கான்கீரையும் சதகுப்பைக் கீரையும் கடலைப்பருப்பும் ஒன்றாகக் குழைந்த 'சாய் பாஜி', தாமரைத்தண்டுக் கறி. கராச்சியில் 1947-க்குப் பின் குடியேறிய குடும்பங்களின் அடுக்களைகள் வேறொரு வரைபடத்தைக் காட்டும். உத்தரப்பிரதேசத்திலிருந்து சென்றவர்களின் 'தஹரி' என்னும் உருளைக்கிழங்குச் சோறு ஒருபுறம். வேர்க்கடலை, எள், கொப்பரை, புளி ஆகியவற்றை அரைத்து ஊற்றிய ஹைதராபாத் 'பகாரே பைங்கன்' மறுபுறம். தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் 'ஜுபைதா ஆபா' என்று அறியப்பட்டு 2018-இல் மறைந்த ஜுபைதா தாரிக், அப்படி ஹைதராபாத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் வந்தவர்தான். பிரிவினை குறித்து இவ்வளவு எழுதியுள்ள நாம், ஒரு கத்திரிக்காய்க் குழம்பு தக்காணத்திலிருந்து அரபிக்கடலோரம் சென்ற பயணத்தைப் பிரிவினை வரலாறாகக் கொள்ளவில்லை.

இவையெல்லாம் யாரும் மறைத்து வைத்த செய்திகள் அல்ல. பிறகு ஏன் நம் கண்ணில் படவில்லை? ஒரு காரணம் நம்முடையது, மற்றொன்று அவர்களுடையது. இரண்டையும் சொல்வதே நேர்மை.

ஒரு நாட்டின் உணவை வெளியார் அறிவது தெருவிலிருந்தும் உணவு விடுதியிலிருந்தும் தான். கராச்சியின் பர்ன்ஸ் சாலை, லாகூரின் குவால்மண்டி, பெஷாவரின் நமக் மண்டி ஆகியவை பெரும்பாலும் ஆண்கள் சமைத்து ஆண்கள் உண்ணும் பொதுவெளிகள். நிஹாரியும் கடாய்க்கறியும் கபாபும் அங்கே அரசாள்கின்றன. காணொளிக்காரரின் கருவி நுழைவதும் அங்கேதான். கீரையை ஆய்ந்து, மண் போக அலசி, நறுக்கி, மணிக்கணக்கில் வேகவைத்து, மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவு தூவிப் பதம் பார்த்து இறக்கும் பெண்ணின் அடுக்களைக்குள் கருவி நுழைவதில்லை. மரக்கறி உணவு கண்ணுக்குப் புலப்படாமற் போனதன் அடியில், பெண்ணின் உழைப்பு புலப்படாமற் போனது கிடக்கிறது. உழைப்பைப் பற்றி வகுப்பெடுக்கும் நாம் இதையாவது கவனித்திருக்க வேண்டாமா?

பாகிஸ்தானின் மேட்டிமையும் இந்த மறைப்பில் பங்குதாரர்தான். விருந்தினர் முன் வெறும் பருப்பை வைப்பது அங்கே பல வீடுகளில் அவமதிப்பாகக் கொள்ளப்படும். 'தால்-கோர்', அதாவது 'பருப்புத் தின்னி' என்பது ஒரு வசவு. இந்தியரை நோக்கியும் எறியப்படும், பஷ்தூன்கள் பஞ்சாபியரை நோக்கியும் எறிவார்கள். உருதுவும் இந்தியும் பங்கிட்டுக்கொள்ளும் பழமொழிகளைப் பாருங்கள். வீட்டுக் கோழி பருப்புக்குச் சமம் என்பது ஒன்று. கையருகே இருப்பதன் அருமை தெரியாதவனைக் குறிப்பது. 'மாவும் பருப்பும் என்ன விலை என்று அப்போது தெரியும்' என்பது மற்றொன்று. வாழ்க்கையின் கடுமையை அறியாதவனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. பிழைப்பு நடப்பதைக் குறிக்கும் சொல்லே 'தால் ரொட்டி'. ஒரு சமூகம் தன் அன்றாட உணவைப் பிழைப்புக்கு உவமையாக வைக்கிறது. அதே உணவை விருந்திலிருந்து விலக்கியும் வைக்கிறது. இந்த முரணை ஆராயலாம். இதற்குச் சிரிப்பு விடையாகாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இரண்டையும் நான் வெவ்வேறு உணவு மேசைகளில் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: 'அதெல்லாம் பழைய இந்துப் பழக்கத்தின் எச்சம்.' இந்த வாதத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. பாகிஸ்தானியர் இறைச்சி உண்டால் அது அவர்களுடைய மதம். பருப்பு உண்டால் அது நம்முடைய மதம். எதை உண்டாலும் வழக்கு நம் பக்கமே முடிந்துவிடுகிறது. உண்மையில் கடுகுக்கீரை கோயிலிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. கொண்டைக்கடலை, தல் என்னும் வறண்ட மணற்பகுதியில் மழையை நம்பி விளைகிறது. அந்தச் சட்டியில் வேகும் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல்வழி வந்தவை. பஞ்சாபின் ஆதி உணவு என்று இருபுறமும் பெருமை பேசப்படும் மக்காச்சோள ரொட்டியின் தானியமும் அங்கிருந்து வந்ததே. மறுபக்கமும் பாருங்கள். சிந்து இந்துக்கள் பல்லா மீனும் ஆட்டுக்கறியும் விரும்பி உண்டவர்கள்; பிரிவினைக்குப் பின் உல்லாஸ்நகருக்கும் அந்தச் சமையலைக் கொண்டுவந்தார்கள், சாய் பாஜியோடு சேர்த்தே. காஷ்மீரப் பண்டிதர்களின் விருந்தில் ரோகன் ஜோஷ் இல்லாமலில்லை. மதத்தின் எல்லைக்கோடும் இறைச்சியின் எல்லைக்கோடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருந்த காலம் ஒன்றை எவராலும் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு நல்லெண்ணத்தோடு வருவது. ஆகவே அதிகம் அஞ்ச வேண்டியது. 'பார்த்தீர்களா, அவர்களும் நம்மைப்போலப் பருப்பும் கீரையும் உண்பவர்கள்தாம், மென்மையான மக்கள்தாம்' என்பது. நண்பர்களே, இந்த நற்சான்றிதழை வழங்க நாம் யார்? கீரை உண்பவர் மென்மையானவர் என்ற முன்முடிவை ஏற்றுக்கொண்டால்தான் இந்தப் பாராட்டுக்குப் பொருள் உண்டு. அந்த முன்முடிவே நம் சாதியமைப்பின் அடித்தளக் கற்களில் ஒன்று. அதைக் கொண்டு பாகிஸ்தானியரை மீட்டெடுப்பது, வேலியை ஒரு முழம் தள்ளி நடுவதுதான், வேலியைப் பிடுங்குவதாகாது.

லாகூர் வீட்டில் உளுந்து வேகும்போது எவரும் நோன்போ துறவோ தூய்மையோ நோற்பதில்லை. அது திங்கட்கிழமை, அதனால் உளுந்து. அல்லது மாதக் கடைசி, அதனால் உளுந்து. பாகிஸ்தானில் ஒருவர் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் கோதுமை உண்கிறார். சராசரி இறைச்சி நுகர்வோ உலகச் சராசரியைவிட மிகக் குறைவு. 2018-இல் அங்கு நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 40.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 2023 மே மாதத்தில் ஆண்டுப் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அன்னியச் செலாவணி இல்லாமையால் பருப்பு ஏற்றிவந்த சரக்குப்பெட்டிகள் கராச்சித் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. பருப்புத் தேவையின் பெரும்பகுதிக்கு ஆஸ்திரேலியாவையும் கனடாவையும் போன்ற நாடுகளை நம்பியிருக்கும் தேசம் அது. இந்தச் சூழலில் இறைச்சியில்லாத் தட்டு பலருக்கு விருப்பத் தேர்வே இல்லை. அதை அறமாகப் புகழ்வது பசியைப் புகழ்வதாகும்.

பாகிஸ்தான் அரசே இறைச்சியைத் தவிர்க்கச் சொன்ன வரலாறும் உண்டு. நாடு உருவாகி அதிக காலம் ஆகுமுன்னரே, கால்நடைகளைக் காக்கும் பொருட்டு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் புதனும், இறைச்சி விற்பனை தடுக்கப்பட்டது. பல நகரங்களில் இந்த வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. சாரா சுலேரி 1989-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூலுக்கு அந்த 'இறைச்சியற்ற நாட்க'ளையே தலைப்பாக வைத்தார். வசதியுள்ளோர் திங்களன்றே வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். ஆடும் மாடும் இல்லாத நாளில் கோழியும் மீனும் வந்தன. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த விலக்கை விதித்த அரசு காட்டிய காரணம் கால்நடை எண்ணிக்கை. இறைச்சி உண்பவர் தாழ்ந்தவர் என்று அந்த விதி யாருக்கும் சொல்லவில்லை. அதே விலக்கு இங்கே விதிக்கப்படும்போது என்ன காரணம் காட்டப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பாகிஸ்தானிய வீட்டுச் சமையலில் உருளைக்கிழங்குக் கறி, பசலைக் கறி, சுரைக்காய்க் கறி, வெண்டைக் கறி என்று எதை எடுத்தாலும் அதற்கு இறைச்சி சேர்ந்த இணை ஒன்று இருக்கும். அரைக்கிலோ இறைச்சி வாங்க முடிந்த நாளில் அது ஆலு கோஷ்த். முடியாத நாளில் வெறும் ஆலு. அதே மசாலா, அதே சட்டி, அதே கரண்டி. பாகற்காயில் கொத்துக்கறி சேர்வதும் சேராததும் சந்தையையும் சட்டைப்பையையும் பொறுத்தது. மரக்கறி அங்கே இறைச்சியின் எதிர்ச்சொல் அன்று. அதன் அண்டை வீடு. இந்த நெகிழ்வை விளங்கிக்கொள்ள நம்மிடம் கலைச்சொல்லே இல்லை. 'வெஜ்', 'நான்-வெஜ்' என்று உலகை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பிஸ்கட் பொட்டலத்திலும் பச்சைப் புள்ளியைத் தேடும் பழக்கம் நம்முடையது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டமான அந்தப் புள்ளியை, தொன்றுதொட்டு வந்த இயற்கை விதிபோல நம் பிள்ளைகள் கற்கிறார்கள்.

அந்தப் புள்ளி பொட்டலத்தோடு நிற்கவில்லை. அண்மைக் காலத்தில் உயர்கல்வி நிறுவன விடுதிகள் சிலவற்றில் 'சைவம் உண்போர் மட்டும்' என்ற அறிவிப்புடன் மேசைகள் ஒதுக்கப்பட்டன. தட்டுகளும் கழுவுதொட்டிகளும் பிரிந்தன. எதிர்த்த மாணவர்கள் மீது அபராதம் பாய்ந்ததும் உண்டு. முட்டை அவித்த மாணவரை அறைத்தோழர் முகம் சுளித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த மாணவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வந்தவராக இருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் யோசனையை நிராகரித்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் உயரக்குறைவோடு இருக்கிறார்கள். எல்லையின் இருபுறமும் பிள்ளைகளின் எலும்பு ஒரே கதையைச் சொல்கிறது. ஒருபுறம் முட்டை வாங்கக் காசில்லை. மறுபுறம் வாங்கிக் கொடுக்க மனமுமில்லை.

இத்தனைக்கும் நாம் பறைசாற்றும் 'மரக்கறி இந்தியா' ஒரு கற்பிதம். அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையான ஆண்களில் 83.4 விழுக்காட்டினரும் பெண்களில் 70.6 விழுக்காட்டினரும் மீன், கோழி, இறைச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எப்போதாவதேனும் உண்பதாகக் கூறினர். பாலமுரளி நடராஜன், சூரஜ் ஜேக்கப் இருவரும் 2018-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, இந்தியாவின் மரக்கறி நாட்டம் எவ்வளவு மிகைப்படுத்தப்பட்டது என்று புள்ளிவிவரங்களோடு காட்டியது. அதை நம்மில் பலர் பாடமாகவே நடத்துகிறோம். இந்தியர் எல்லோரும் மரக்கறியர் அல்லர் என்று நிறுவ நமக்குத் தரவு கிடைத்தது. பாகிஸ்தானியர் எல்லோரும் கறிச்சட்டியோடு பிறந்தவர் அல்லர் என்று எண்ணிப் பார்க்க மட்டும் தரவு தேவைப்பட்டது, அதுவும் நகைப்புக்கிடமாக. ஒரே பொய்யின் இரு முகங்களில் ஒன்றை உடைத்துவிட்டு மற்றொன்றைப் பூசித்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக உப்பைப் பற்றி ஒரு சொல். வட இந்தியாவில் நவராத்திரி நோன்பிருப்போர் அன்றாட உப்பைத் தவிர்த்து 'சேந்தா நமக்' எனும் பாறையுப்பைப் பயன்படுத்துவர். அதற்கு 'லாகூரி நமக்' என்றும் பெயர். காரணம், அது காலங்காலமாக வெட்டியெடுக்கப்பட்டது இன்றைய பாகிஸ்தானியப் பஞ்சாபின் கேவ்ரா உப்புச் சுரங்கத்திலிருந்து. நம் சித்த மருத்துவம் அதை 'இந்துப்பு' என்கிறது. மதத்தின் பெயர்போல ஒலிக்கும் அந்தச் சொல், சிந்து என்னும் ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானியப் பொருட்களுக்கு 200 விழுக்காடு சுங்கவரி விதித்தோம்; 2025 மே மாதத்தில் இறக்குமதி முழுவதையும் தடை செய்தோம். வாணிகத்தை நிறுத்துவதும் தொடர்வதும் அரசுகளின் கணக்கு. ஆனால் தூய்மையின் உச்சமாகக் கருதும் நோன்புத் தட்டிலேயே அந்த மண்ணின் உப்பை இட்டு உண்டவர்கள், அந்த மண்ணில் கீரை வேகுமா என்று கேட்டுச் சிரிப்பது அறியாமை. அரங்கில் அமர்ந்து சிரித்தால் ஆய்வுக் குற்றமும்கூட.

அந்த மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குள் பல ஆய்வேடுகள் இருக்கின்றன. பருப்பு விலை ஏறும்போது கராச்சி அடுக்களையில் முதலில் மறைவது எது? கீரை ஆய்பவருக்கும் கீரை உண்பவருக்கும் தட்டில் கிடைக்கும் அளவு ஒன்றா? குடிபெயர்ந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் பகாரே பைங்கனின் புளிப்பு குறைந்ததா? இறைச்சியற்ற செவ்வாய்க்கிழமையை ஏழை வீடும் செல்வர் வீடும் எவ்வாறு வெவ்வேறாக நினைவில் வைத்துள்ளன? விசா கிடைக்காது என்பது மெய்தான். சமையல் நூல்களும் தொலைக்காட்சிப் பதிவுகளும் நாட்குறிப்புகளும் வளைகுடா நாடுகளில் அருகருகே வாழும் இருநாட்டுத் தொழிலாளர்களின் அறைகளும் நமக்குத் திறந்தே இருக்கின்றன.

அடுத்த அமர்வு இம்மாத இறுதியில். அந்த மாணவி அதே கேள்வியை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேராசிரியரும் இதைப் படிப்பார் என்று தெரியும். ஐயா, அன்று உங்களோடு சேர்ந்து சிரித்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதியிருக்கிறேன். இம்முறை அவர் கேள்வியை முடிக்கும்வரை நாம் இருவரும் காத்திருப்போம்.